‘காடு விளைஞ்சாச்சு... நெட் போச்சு!’ - பயிர் வளர்ந்தால் சிக்னல் குறைவது ஏன்?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், வயல்களுக்கு நடுவே தனியாக நிற்கும் ஒரு பண்ணை வீட்டை எடுத்துக்கொள்வோம். மார்ச் மாதம் இணைய சேவை நிறுவனத்திலிருந்து ஆள் வருகிறார். கூரை ஓரத்தில் ஒரு சின்ன ஆன்டெனாவை மாட்டி, சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டவரைப் பார்த்துத் திருப்பி வைக்கிறார். ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டுகிறார். வேகம் சூப்பர். கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

ஜூலை பிறந்ததும் பிரச்சினை ஆரம்பிக்கிறது. வீடியோ கால் அடிக்கடி உறைந்து நிற்கிறது. காற்று அடித்தால் நெட் விட்டு விட்டு வருகிறது. ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சு, கஸ்டமர் கேருக்கு நாலு தடவை பேசியாச்சு, ஒன்றும் சரியாகவில்லை. நவம்பரில் யாரும் எதுவும் செய்யாமலே நெட் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடுகிறது.

இடையில் என்ன நடந்தது? மக்காச்சோளம் வளர்ந்தது. பிறகு அறுவடை ஆனது. அவ்வளவுதான்.

கேட்கும்போது ‘சும்மா கதை விடாதீங்க’ என்று தோன்றலாம். ஆனால், கிராமப்புறங்களில் வயர்லெஸ் இணைய சேவை கொடுப்பவர்களுக்கு இது வருஷா வருஷம் வரும் தலைவலி. கரும்பும் வாழையும் தென்னையும் சூழ்ந்த தமிழக கிராமங்களுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். பயிருக்கும் சிக்னலுக்கும் அப்படி என்ன பகை? விரிவாகப் பார்ப்போம்.

ஏன் அயோவா?

அமெரிக்காவில் மக்காச்சோளம் அதிகம் விளையும் மாநிலம் அயோவா. அங்கே சுமார் 1.3 கோடி ஏக்கரில் மக்காச்சோளம் போடுகிறார்கள். மாநிலத்தின் மொத்தப் பரப்பில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஏக்கருக்கு 30,000-க்கும் அதிகமான செடிகள். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் விதைப்பார்கள். ஜூலை மத்தியில் கதிருக்கு முந்தைய ஆண் பூ வெளியே வரும்போது செடி ஆளை மறைக்கும் உயரத்துக்கு வந்துவிடும். 2.5 மீட்டர், சில இடங்களில் 3 மீட்டர் வரைகூடப் போகும். செப்டம்பர் மத்தியில் தொடங்கி நவம்பருக்குள் அறுவடை முடிந்துவிடும்.

அதாவது, ஏப்ரலில் மொட்டைக் காடாக இருந்த இடத்தில் மூன்றே மாதத்தில் ஆள் உயரத்தைத் தாண்டிய பச்சைச் சுவர் எழுந்துவிடுகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை அதே சுவர்தான்.

வீடுகள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருப்பதால், ஒவ்வொரு வீட்டுக்கும் கேபிள் பதிக்க நிறைய செலவாகும். எனவே, உயரமான டவரிலிருந்தோ தானியக் களஞ்சியத்தின் உச்சியிலிருந்தோ சிக்னலை அனுப்பி, வீட்டுக் கூரையில் இருக்கும் ஆன்டெனாவில் வாங்கிக்கொள்வது அங்கே பழகிப்போன ஏற்பாடு. இங்கே ‘ஏர்ஃபைபர்’ என்ற பெயரில் விற்கப்படும் 5ஜி வீட்டு இணைப்பும் அடிப்படையில் இதே ரகம்தான். காற்று வழியாக வரும் சிக்னலுக்கு நடுவில் எது நின்றாலும் சிக்கல். அது கட்டடமா, மரமா, பயிரா என்று அலை பார்ப்பதில்லை.

வில்லன் இலை அல்ல, தண்ணீர்

வைஃபை, 4ஜி, 5ஜி எல்லாமே ரேடியோ அலைகள்தான். காய்ந்த மரம், வைக்கோல், பேப்பர் போன்றவற்றை இந்த அலைகள் ஓரளவு எளிதாகத் தாண்டிவிடும். தண்ணீர் என்று வந்துவிட்டால் கதையே வேறு.

நீர் மூலக்கூறின் ஒரு பக்கம் நேர் மின்னேற்றமும் மறுபக்கம் எதிர் மின்னேற்றமும் இருக்கும். ரேடியோ அலை வரும்போது அதன் மின்புலத்துக்கு ஏற்ப இந்த மூலக்கூறுகள் திரும்பித் திரும்பி ஆடும். அந்த ஆட்டத்துக்கான ஆற்றலை அலையிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் இப்படித்தான். அந்த அடுப்பு பயன்படுத்துவது 2.45 கிகாஹெர்ட்ஸ் அலை. வீட்டு வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்குள்ளேயே வரும் அலைவரிசை அது.

‘அப்போ வைஃபை பயிரைச் சூடாக்குமா?’ என்று பயப்பட வேண்டாம். அடுப்பு சுமார் 800 வாட் ஆற்றலை ஒரு சின்னப் பெட்டிக்குள் கொட்டுகிறது. வைஃபை கருவி வெளியிடுவது 0.1 வாட் அளவுக்குத்தான். பயிருக்கு அது உறைக்கவே உறைக்காது. பாதிப்பு ஒருவழிப் பாதைதான்: பயிரால் சிக்னலுக்கு.

பச்சையாக நிற்கும் மக்காச்சோளச் செடியின் எடையில் 80 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் இருக்கும். ஆக, ஒரு கிலோமீட்டர் மக்காச்சோளக் காடு என்பது அலையைப் பொறுத்தவரை வரிசை வரிசையாக நிறுத்தி வைத்த தண்ணீர்க் குழாய்கள் மாதிரி. அதில் கொஞ்சம் உறிஞ்சப்படும். மீதியில் ஒரு பகுதி இலையிலும் தட்டையிலும் பட்டு நாலா பக்கமும் சிதறும். போய்ச் சேர வேண்டிய ஆன்டெனாவுக்குப் போவது மிச்சம் மீதிதான்.

இங்கே இன்னொரு சந்தேகமும் வரும். ஒரு ஏக்கர் மக்காச்சோளம் ஒரு நாளைக்கு 11,000 முதல் 15,000 லிட்டர் வரை தண்ணீரை ஆவியாக வெளியேற்றுகிறது என்பது அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. அந்த ஈரக் காற்றுதான் சிக்னலைத் தின்கிறதா? இல்லை. வைஃபை, மொபைல் சேவைகள் பெரும்பாலும் இயங்கும் அலைவரிசைகளில் நீராவி உறிஞ்சும் அளவு மிகமிகக் குறைவு. இலைக்குள்ளும் தண்டுக்குள்ளும் இருக்கும் நீரும், இலை மேல் தங்கும் மழைத்துளியும் பனியும்தான் கணக்கில் வரும்.

அறுவடை நெருங்கும்போது செடி காய ஆரம்பிக்கிறது. இலையில் நீர் வற்றுகிறது. சிக்னல் மெல்ல மெல்ல மேலே வருகிறது. வெட்டி முடித்ததும் முழுதாகத் திரும்பிவிடுகிறது. நவம்பர் அதிசயத்தின் ரகசியம் இதுதான்.

உயர் அலைவரிசைக்குத்தான் அடி அதிகம்

எல்லா சிக்னலும் ஒரே மாதிரி அடிபடுவதில்லை. அலைவரிசை கூடக் கூட அலையின் நீளம் குறையும். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 12.5 சென்டிமீட்டர். 5.8 கிகாஹெர்ட்ஸுக்கு 5 சென்டிமீட்டர் சொச்சம். அலை குட்டையாக இருந்தால், இலையும் தண்டும் அதற்குப் பெரிய தடையாகத் தெரியும். நீளமான அலை பயிரை ஓரளவு சுற்றியும் ஊடுருவியும் போய்விடும்.

எவ்வளவு வித்தியாசம்? இதைக் கணக்கிட வைஸ்பெர்கர் என்பவர் 1982-ல் வெளியிட்ட ஒரு சூத்திரம் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. அடர்த்தியாக இலை விட்ட மரங்களை வைத்து உருவாக்கப்பட்டது அது. 50 மீட்டர் தடிமன் உள்ள மரக்கூட்டத்தை அலை கடக்கிறது என்று வைத்து அதில் கணக்குப் போட்டால் இப்படி வருகிறது:

900 மெகாஹெர்ட்ஸ்: சுமார் 13 டெசிபல் இழப்பு. அதாவது, சிக்னல் 20-ல் ஒரு பங்காகிவிடும்.

2.4 கிகாஹெர்ட்ஸ்: சுமார் 17 டெசிபல். 50-ல் ஒரு பங்கு.

5.8 கிகாஹெர்ட்ஸ்: சுமார் 22 டெசிபல். 150-ல் ஒரு பங்குதான் மிஞ்சும்.

டெசிபல் என்பதைப் புரிந்துகொள்ள ஒரு சுலப வழி: 3 டெசிபல் குறைந்தால் சிக்னல் பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒன்று, 20 குறைந்தால் நூறில் ஒன்று. மேலே உள்ளது மரத்துக்கான கணக்கு. பயிருக்குப் பயிர், பருவத்துக்குப் பருவம் எண்கள் மாறும். ஆனால், உயர் அலைவரிசைக்கு அடி அதிகம் என்ற போக்கு மாறாது.

மக்காச்சோளத்தில் ஒரு தனி விசேஷமும் உண்டு. அதன் தட்டைகள் எல்லாம் செங்குத்தாக நிற்கின்றன. ரேடியோ அலையின் மின்புலமும் மேலும் கீழுமாகவோ பக்கவாட்டிலோ அதிரும். செங்குத்தாக அதிரும் அலையைச் செங்குத்தான தட்டைகள் அதிகமாகப் பிடித்துக்கொள்கின்றன. 1980-களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஃபவாஸ் உலாபியின் குழு இதை ஆராய்ந்தது. மக்காச்சோளக் காட்டுக்குள் மைக்ரோவேவ் எப்படிப் பயணிக்கிறது என்று அவர்கள் ஆராய்ந்தது இன்டர்நெட்டுக்காக அல்ல. பயிரையும் மண் ஈரத்தையும் வானிலிருந்து அளப்பதற்காக. அந்தக் கதைக்குக் கடைசியில் வருவோம்.

டவர் கண்ணுக்குத் தெரியுதே, அப்புறம் ஏன்?

‘மாடியில நின்னா டவர் நல்லாத் தெரியுது. நடுவுல எதுவும் மறைக்கல. ஆனாலும் நெட் ஸ்லோ’ என்பது பலருடைய புகார். இதற்கும் விடை இருக்கிறது.

டவருக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் அலை ஒரு மெல்லிய கயிறு மாதிரி போவதில்லை. இரண்டு முனையிலும் குறுகி, நடுவில் உப்பிய வெள்ளரிக்காய் வடிவத்தில் பரவிச் செல்கிறது. இதை ‘ஃப்ரெனல் மண்டலம்’ என்கிறார்கள். பிரெஞ்சு இயற்பியலாளர் ஃப்ரெனலின் பெயர் அது. இந்த மண்டலத்தின் ஆரத்தில் குறைந்தது 60 சதவீதமாவது தடையில்லாமல் இருந்தால்தான் சிக்னல் சேதாரமில்லாமல் போய்ச்சேரும் என்பது வயர்லெஸ் துறையின் அரிச்சுவடி.

ஒரு கணக்கு பார்க்கலாம். இரண்டு ஆன்டெனாக்களுக்கு இடையே 5 கிலோமீட்டர். இரண்டுமே தரையிலிருந்து 7 மீட்டர் உயரம். நடுவில் சமதளம். அலைவரிசை 5.8 கிகாஹெர்ட்ஸ். இந்த வெள்ளரிக்காயின் ஆரம் நடுப்பகுதியில் சுமார் 8 மீட்டர். அதில் 60 சதவீதம் என்றால் 4.8 மீட்டர். 7-லிருந்து 4.8-ஐக் கழித்தால் மிச்சம் 2.2 மீட்டர்.

மொட்டைக் காட்டில் பிரச்சினையே இல்லை. இடுப்பளவு பயிருக்கும் பிரச்சினை இல்லை. மக்காச்சோளம் 2.5 மீட்டரைத் தொட்டதும், காலியாக இருக்க வேண்டிய மண்டலத்துக்குள் தலையை நீட்டிவிடுகிறது. கண்ணுக்கு டவர் அப்போதும் பளிச்சென்று தெரியும். சிக்னல் மட்டும் குறைந்திருக்கும். அதே இடத்தில் 3.5 மீட்டர் கரும்பு நின்றால் நிலைமை இன்னும் மோசம். நடுவில் ஒரு மேடு இருந்து, அந்த மேட்டில் பயிர் நின்றாலும் இதே கதைதான்.

சிக்னல் குறைந்தவுடன் இணைப்பு ஒரேயடியாக அறுந்துவிடாது. சத்தமான சந்தையில் நிறுத்தி நிதானமாகப் பேசுவது மாதிரி, டவரும் ஆன்டெனாவும் தரவைப் பரிமாறும் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் ‘நெட் இருக்கு, ஆனா ஓடல’ என்ற நிலை. இதில் இன்னொரு பக்கவிளைவும் உண்டு. ஒரு வீட்டுக்குத் தரவை மெதுவாக அனுப்பும்போது டவரின் நேரத்தை அந்த வீடே அதிகம் எடுத்துக்கொள்கிறது. அதே டவரில் இருக்கும் மற்றவர்களுக்கும் வேகம் குறையும். ஆக, பக்கத்துக் காட்டில் நிற்கும் பயிர், பயிரே இல்லாத வீட்டையும் தொடும்.

உருளைக்கிழங்கு கற்றுத்தந்த பாடம்

உயரமான பயிர் மட்டும்தான் பிரச்சினையா? நெதர்லாந்தில் முழங்கால் உயர உருளைக்கிழங்குச் செடியே ஆய்வாளர்களைத் திணறடித்திருக்கிறது.

2000-களின் நடுவில், உருளைக்கிழங்கைத் தாக்கும் இலைக்கருகல் நோயை முன்கூட்டியே கணிக்க, ஒரு வயலில் சுமார் 100 சின்னச் சின்ன வயர்லெஸ் உணரிகளை வைத்தார்கள். வயலின் வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றை அளந்து, ஒன்று இன்னொன்றுக்குக் கைமாற்றி, கடைசியில் கணினிக்கு அனுப்ப வேண்டும் என்பது திட்டம். டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், வாஹனிங்கன் வேளாண் ஆய்வாளர்கள் போன்றோர் இதில் இருந்தார்கள்.

செடி பூக்கும் பருவத்தில் இலைகள் அடர்ந்துவிட, உணரிகளை ஏறக்குறைய 10 மீட்டருக்கு ஒன்று என நெருக்கமாக வைத்தால்தான் ஒன்றோடொன்று பேச முடியும் என்பது தெரியவந்தது. அனுப்பும் ஆன்டெனாவை இலைப்பரப்புக்கு மேலே வைக்க வேண்டியிருந்தது. இன்னொரு ஆச்சரியம்: அந்த வயலில் இரவிலும் மழை நேரத்திலும், அதாவது ஈரப்பதம் கூடியபோது, சிக்னல் மேம்பட்டது. ஈரம் என்றாலே இழப்பு என்று நினைத்தவர்களுக்கு இது நேர் எதிரான முடிவு. மென்பொருள் கோளாறுகளும் சேர்ந்துகொள்ள, அந்த முயற்சியே பெரும் சிக்கலில் முடிந்தது. ஆய்வாளர்கள் தங்கள் தோல்விகளை ஒளிக்காமல் எழுதிய கட்டுரை, வயலில் உணரி வைக்கும் எவரும் படிக்கும் பாடமாகிவிட்டது.

அவர்கள் சொன்னதன் சாரம்: ஆய்வகத்திலோ மொட்டை நிலத்திலோ சோதித்துவிட்டு வயலுக்கு வராதீர்கள். பயிர் நிற்கும்போது அந்த வயலிலேயே அளந்து பாருங்கள்.

நம்ம ஊர் நிலவரம் என்ன?

தமிழகத்தில் பெரம்பலூர், சேலம், திண்டுக்கல், திருப்பூர் எனப் பல மாவட்டங்களில் மக்காச்சோளம் விளைகிறது. மூன்று, மூன்றரை மாதப் பயிர் என்பதால் பாதிப்பும் சில வாரங்கள்தான். கரும்பு அப்படியல்ல. 10 முதல் 12 மாதம் நிற்கும். 3 முதல் 4 மீட்டர் வரை உயரும். வெட்டு முடிகிற வரை சிக்னலுக்கு விடுதலை இல்லை. வாழையின் அகன்ற இலை முழுக்க நீர். தென்னை பல ஆண்டுகளுக்கு நிற்கும் நிரந்தரத் தடை. வளர்ந்த தோப்பைத் தாண்டுவதற்கு 15, 20 மீட்டர் உயரம் வேண்டும். நெல் ஒரு மீட்டர்தான் என்பதால் உயரத்தில் தொல்லை இல்லை. ஆனால், நீர் நிற்கும் வயல் கண்ணாடி மாதிரி அலையைப் பிரதிபலித்து, நேராக வரும் அலையோடு மோதவிடும்.

மொபைல் டவர்கள் பொதுவாக 30, 40 மீட்டர் உயரம். வீட்டு மாடியில் இருப்பவருக்குப் பயிரால் பெரிய பாதிப்பு இருக்காது. மாட்டிக்கொள்வது கீழே இருப்பவர்தான். கரும்புக் காட்டுக்குள் நிற்கும் விவசாயியின் போன் தரையிலிருந்து ஒன்றரை மீட்டரில் இருக்கிறது. அவரைச் சுற்றி எல்லாப் பக்கமும் பயிர்.

போன் பேச வரப்புக்கு வந்துவிடலாம். நகர முடியாத கருவிகளுக்கு என்ன வழி? மோட்டாரை வீட்டிலிருந்தபடியே ஆன், ஆஃப் செய்ய சிம் கார்டு போட்ட மொபைல் ஸ்டார்ட்டரைப் பல விவசாயிகள் வைத்திருக்கிறார்கள். ராத்திரி மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் காட்டுக்கு நடந்து போக வேண்டியதில்லை, பாம்பு பயமில்லை என்பதற்காகவே வாங்கியது அது. மோட்டார் கொட்டகையைச் சுற்றிப் பயிர் உயர்ந்து நிற்கும்போதுதான் தண்ணீர்த் தேவையும் உச்சத்தில் இருக்கும். அந்த நேரம் பார்த்து சிக்னல் குறைந்தால், மறுபடியும் டார்ச் லைட்டோடு வரப்பில் நடக்க வேண்டியதுதான். மண் ஈரம் அளக்கும் உணரி, தானியங்கி சொட்டுநீர்க் கருவி, வானிலைக் கருவி என எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

5ஜி வந்ததும் தேர்வுகள் கூடியிருக்கின்றன. 2022 அலைக்கற்றை ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ், 3300 மெகாஹெர்ட்ஸ், 26 கிகாஹெர்ட்ஸ் ஆகிய பட்டைகள் விற்பனையாயின. 26 கிகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் ஒரு சென்டிமீட்டர் சொச்சம். ஒரு மரம் குறுக்கே நின்றாலே சிரமம். 700 மெகாஹெர்ட்ஸ் பயிரையும் மரத்தையும் நன்றாகத் தாண்டும். ஆனால், அதில் கிடைக்கும் அலைக்கற்றையின் அகலம் குறைவு என்பதால் உச்ச வேகமும் குறைவு. அதிக வேகம் வேண்டுமா, பயிரைத் தாண்டும் திறன் வேண்டுமா என்பதில் ஒன்றை விட்டுத்தான் இன்னொன்றைப் பிடிக்க முடியும்.

உயரம் ஜெயித்த கதை: தேனி

வாழையும் தென்னையும் நிறைந்த தேனி மாவட்டத்திலேயே ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 2000-களின் நடுவில், அரவிந்த் கண் மருத்துவமனை கிராமங்களில் பார்வை மையங்களைத் திறந்தது. கிராமத்தில் நோயாளியின் கண்ணைப் பணியாளர் பரிசோதிப்பார். தேனி மருத்துவமனையிலிருந்து மருத்துவர் வீடியோவில் பேசி ஆலோசனை சொல்வார். அதற்கு நம்பகமான இணைப்பு வேண்டும்.

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையிலான குழு, சாதாரண வைஃபை கருவிகளின் மென்பொருளை மாற்றியமைத்து, பல கிலோமீட்டர் தூரம் போகும் இணைப்பாக அதை உருவாக்கிக் கொடுத்தது. நம் வீட்டில் இரண்டு சுவர் தாண்டத் திணறும் அதே ரக வைஃபைதான். வித்தியாசம், ஒரே திசையில் குவிக்கும் ஆன்டெனாவும், தடையில்லாத நேர்கோட்டுப் பாதை கிடைக்கும் உயரத்தில் அதை நிறுத்தியதும். மருத்துவருடன் பேசும் இணைப்புக்கு ‘அறுவடை வரை பொறுங்க’ என்று சொல்ல முடியாது, இல்லையா?

தீர்வுகள் என்னென்ன?

முதல் தீர்வு உயரம். ஆன்டெனாவைப் பயிரின் இன்றைய உயரத்துக்கு அல்ல, முழு வளர்ச்சி உயரத்துக்கு மேலே தூக்க வேண்டும். இரும்புக் குழாயில் இரண்டு மீட்டர் கூடுதலாக உயர்த்தினாலே சில இடங்களில் பிரச்சினை தீர்ந்துவிடும். ஊர் மேல்நிலைத் தொட்டி மாதிரியான உயரமான கட்டமைப்புகள் இதற்கு வசதி. மொபைல் ஸ்டார்ட்டரில் கழற்றக்கூடிய ஆன்டெனா இருந்தால், கொட்டகைக்கு வெளியே கேபிள் இழுத்துப் பயிருக்கு மேலே வைக்கலாம். உயர்த்தும்போது மின்கம்பி பக்கத்தில் இல்லாமலும் இடி மின்னலுக்கு எர்த் கொடுத்தும் வைப்பது கட்டாயம்.

இரண்டாவது, குறைந்த அலைவரிசை. டிவி சேனல்களுக்கு ஒதுக்கப்பட்டு, பயன்படாமல் கிடக்கும் அலைவரிசைகளைப் பண்ணைகளுக்குக் கொண்டுபோகும் முயற்சியை மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் ரன்வீர் சந்த்ராவின் குழு ‘ஃபார்ம்பீட்ஸ்’ என்ற பெயரில் செய்தது. இந்தியாவில் ஐஐடி பாம்பே, மகாராஷ்டிராவின் பால்கர் மாவட்ட கிராமங்களில் இதே வகை டிவி அலைவரிசையைச் சோதித்துப் பார்த்தது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அலைவரிசை குறையக் குறைய, முன்பு பார்த்த வெள்ளரிக்காய் மண்டலம் பெருக்கும். அதே 5 கிலோமீட்டருக்கு 900 மெகாஹெர்ட்ஸில் அதன் ஆரம் 20 மீட்டர்.

மூன்றாவது, ஃபைபர். மண்ணுக்கடியில் போகும் கண்ணாடி இழைக்குப் பருவம் கிடையாது. பாரத்நெட் திட்டத்தின் கீழ் தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளை ஃபைபரால் இணைக்கும் பணி தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்திடம் கொடுக்கப்பட்டது. ஆனால், ஊராட்சி அலுவலகம் வரை ஃபைபர் வந்தாலும், அங்கிருந்து காட்டு வீட்டுக்கும் மோட்டார் கொட்டகைக்கும் போவது பெரும்பாலும் காற்று வழிதான். கடைசி ஒரு கிலோமீட்டரில் பயிர் மறுபடியும் குறுக்கே நிற்கும்.

நான்காவது, இடத்தை மாற்றுவது. ஆன்டெனாவைச் சில மீட்டர் தள்ளி வைத்தாலோ வேறு டவரைப் பார்த்துத் திருப்பினாலோ தடையற்ற பாதை கிடைக்கலாம். மரத்தை வெட்டுவதைப் பற்றி யோசிக்கும் முன் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

பயிர்தான் காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நெட் ஸ்லோ ஆனால் உடனே பயிர்மேல் பழி போட்டுவிடக் கூடாது. சில அடையாளங்கள்:

ராத்திரி 8 மணி முதல் 10 மணி வரை மட்டும் மெதுவாக இருந்து, விடியற்காலையில் நன்றாக ஓடினால், அது டவரில் கூட்டம். பயிர் இல்லை.

ஒரே நாளில் திடீரென்று சரிந்தால், கேபிள், இணைப்பு முனை, காற்றில் திரும்பிய ஆன்டெனா ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, காற்று அடிக்கும்போது ஏறி இறங்கி, அறுவடைக்குப் பிறகு தானாகச் சரியானால், பயிரைச் சந்தேகப்படலாம்.

இதை உறுதிப்படுத்த ஸ்பீடு டெஸ்ட் மட்டும் போதாது. ஆன்டெனா கருவியின் செட்டிங்ஸிலோ போனின் நெட்வொர்க் விவரப் பக்கத்திலோ சிக்னல் அளவு மைனஸ் எண்ணாக இருக்கும். மைனஸ் 80 என்றால் நல்ல சிக்னல். மைனஸ் 110 என்றால் மோசம். மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் பார்த்துக் காலண்டரில் குறித்து வைத்தால் போதும். விதைப்பு முதல் அறுவடை வரை அந்த எண்ணே கதையைச் சொல்லிவிடும். ‘நெட் ஸ்லோ சார்’ என்று சொல்வதைவிட, ‘ஆகஸ்ட்ல மைனஸ் 82, இப்போ மைனஸ் 97’ என்று சொன்னால் சேவை நிறுவனமும் தட்டிக்கழிக்க முடியாது.

எப்போது அளக்கிறோம் என்பதுதான் கேள்வி

அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சுற்றி, ஆய்வுப் பண்ணைகளையும் வயல்களையும் சேர்த்து, ‘ஆரா’ என்ற பெயரில் கிராமப்புற வயர்லெஸ் ஆய்வுக்களம் ஒன்று உருவாக்கப்பட்டிருக்கிறது. 2021-ல் அறிவிக்கப்பட்ட இந்தக் களத்தில், நகரத்துக்கு என்று வடிவமைத்த தொழில்நுட்பம் வயல்வெளியில் எப்படி நடந்துகொள்கிறது என்று நிஜப் பயிர்களுக்கு நடுவிலேயே சோதிக்கிறார்கள்.

பயிரால் சிக்னல் குறையும் இதே விஷயத்தை நல்லதுக்குப் பயன்படுத்துபவர்களும் இருக்கிறார்கள். ஐரோப்பிய விண்வெளி முகமை 2009-ல் அனுப்பிய ‘ஸ்மோஸ்’, நாசா 2015-ல் அனுப்பிய ‘ஸ்மாப்’ ஆகிய செயற்கைக்கோள்கள், மண்ணிலிருந்து வெளிவரும் 1.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை வானிலிருந்து கேட்கின்றன. மண் ஈரத்தை அளப்பதுதான் அவற்றின் முக்கிய வேலை. வழியில் பயிர் எவ்வளவு அலையை மறைக்கிறது என்பதை வைத்து, பயிரில் எவ்வளவு நீர் இருக்கிறது, எப்படி வளர்கிறது என்பதையும் மதிப்பிடுகிறார்கள். பண்ணை வீட்டில் வீடியோ காலை உறைய வைத்த அதே தண்ணீர்தான், விளைச்சல் எப்படி இருக்கும் என்று விண்வெளிக்குத் துப்புக் கொடுக்கிறது.

பயிர் வளர்வது யார் தவறும் அல்ல. மொட்டைக் காட்டில் ஆன்டெனா மாட்டி, மொட்டைக் காட்டில் ஸ்பீடு டெஸ்ட் போட்டு, ‘கவரேஜ் இருக்கு’ என்று எழுதிக்கொள்வதுதான் தவறு. விவசாயிக்கு நெட் அதிகம் தேவைப்படுவது பயிர் நிற்கும்போது. தண்ணீர் விடவும், மருந்து அடிக்கும் முன் மழை வருமா என்று பார்க்கவும், விலை கேட்கவும் அவர் போனை எடுப்பது அப்போதுதான். புது இணைப்பு வாங்குபவர், ஆன்டெனா மாட்ட வருபவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது: “இந்தக் காட்டுல கரும்பு ஒசந்து நின்னாலும் இதே ஸ்பீடு வருமா தம்பி?”

அவர் பதில் சொல்லும் முன் காட்டையும் ஒருமுறை எட்டிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள்.